நனையக் கூடாத வண்டி

கொடைரோடு ஸ்டேஷனை முதுகுக்குப் பின்னால் விட்டு நடந்துகொண்டிருந்தேன். மலைமேல் ஒரு லாட்ஜில் மழைக்காலம் முழுக்கப் போர்வை துவைத்தவன் நான். ஈரத்திலும் குளிரிலும் விரல்கள் சரியாக மடங்காமல் போனதும் சொல்லிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். ரயிலேறி ஊருக்குப் போவதாகத்தான் யோசனை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, வேதாரண்யத்தில் எனக்காக யாரும் உலை வைத்துக் காத்திருக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்தேன். திண்டுக்கல் எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, டீக்கடைக்காரர் வடக்கே கை காட்டிவிட்டு, நடந்தேவா போகப்போறீக என்று என் செருப்பைப் பார்த்தார்.

வெயில் இன்னும் ஏறவில்லை. வலதுபுறம் சிறுமலை கூடவே வந்தது. மலைக்குளிரில் சுருண்டு கிடந்த உடம்புக்குச் சமவெளியின் சூடு நன்றாக இருந்தது. இரண்டு பக்கமும் தென்னை, நடுநடுவே பூந்தோட்டம், அப்புறம் ஒரு மில்லின் நீளச் சுவர், மறுபடியும் பூந்தோட்டம். எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெள்ளையாக இருந்தால் அது உப்பு. இங்கே அது மல்லிகை. வேலை என்னவோ ஒன்றுதான். இரண்டிலும் குனிந்தே கிடக்க வேண்டும்.

முதலில் வாசனைதான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். என்னை ஒட்டி ஒரு சரக்கு ஆட்டோ, சத்தமே இல்லாமல். எனக்காக நின்றது என்று நினைத்து நன்றி சொல்ல வாயெடுத்தேன். அது எனக்காக நிற்கவில்லை, தானாக நின்றுபோயிருந்தது.

ஓட்டி வந்தவள் இறங்கினாள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, நாற்பதைத் தாண்டிய முகம். பெயர் பஞ்சவர்ணம் என்று அப்புறம் தெரிந்தது.

"அண்ணே, செத்த தள்ளி விடுறீகளா? அந்தப் புளியமரத்து நெழலு வரைக்கும் போதும்."

தள்ளினோம். பின்னால் அடுக்கியிருந்த ஈரச் சாக்கு மூட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டி என் கால்களை நனைத்தது. என்ன கோளாறு என்று கேட்டேன்.

"கோளாறெல்லாம் இல்ல. அதுக்குச் சந்தேகம் வந்திருச்சு. சந்தேகம் வந்தா நின்னுரும். பயந்த சுபாவம்."

பேட்டரி வண்டி. அதுவும் கடையில் வாங்குகிற பேட்டரி இல்லை, வடமதுரை ரோட்டில் ஒரு பழைய மில்லுக்குள் புதிதாகச் செய்து பார்க்கிற பேட்டரி என்றாள். பாதிக் கனம்தான் இருக்குமாம், ஆனால் ஓடுகிற தூரம் அதிகம். ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று இவளிடம் கொடுத்திருக்கிறார்கள். தன்னுடைய பழைய பெட்ரோல் வண்டியை இவள் விற்றுவிட்டாள். போனை எடுத்து யாரிடமோ, மேரி, நின்னுருச்சு என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் நீளமாகக் கேள்விகள் வந்தன. தொடாமல் இருக்கச் சொன்னார்கள் போல. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பதில் சொன்னாள்.

அவளுக்கு வண்டியைவிடப் பூ பெரிய கவலை. மல்லிகை மொட்டாகச் சந்தைக்குப் போக வேண்டும். வெயிலில் வாய் திறந்துவிட்டால் கேட்பாரில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு டவுன் பஸ் வந்தது. நடுரோட்டில் நின்று மறித்தாள். கண்டக்டருக்கும் அவளுக்கும் சண்டையா பேச்சா என்று பிரிக்க முடியாதபடி ஒரு வாக்குவாதம் நடந்து, மூட்டைகள் பின்படிக்கட்டில் ஏறின. அவளால் வண்டியை விட்டு வர முடியாது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பூ மார்க்கெட்ல தங்கராசு கமிஷன் கடைன்னு கேளுங்க. பஞ்சவர்ணம் பூவுன்னு சொன்னாப் போதும்."

அரை மணி நேரம் முன்புவரை என்னைப் பார்த்தே அறியாதவள். எங்கள் பக்கம் ஒரு மூட்டை உப்பைக்கூட இப்படி அந்நியனை நம்பி ஏற்றிவிட மாட்டார்கள். உப்பு ஒரு வருஷம் கிடந்தாலும் உப்புதான். பூவுக்குப் பொறுமை கிடையாது, அதனால் பூக்காரர்கள் ஆளைச் சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸின் தரை முழுக்க ஈரமாகிவிட்டது. முன்னால் நின்ற பெண், சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, இது பஸ்ஸா வாய்க்காலா என்றாள். பக்கத்து சீட் பெரியவர், வாய்க்காலில் இம்புட்டு வாசம் வருமா என்று திருப்பிக் கேட்டார்.

தங்கராசு கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கூச்சலின் நடுவே, ஒரு கையில் தராசையும் ஒரு கையில் தண்ணீர்க் குவளையையும் பிடித்திருந்த கனத்த மனிதர் அவர். நான் பஞ்சவர்ணம் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூட்டையின் வாயைப் பிரித்து, குவளையை வாளியில் முக்கி, கையை ஒரு சுழற்றுச் சுழற்றினார். தண்ணீர் விசிறி போல விரிந்து பூவின் மேல் விழுந்தது. பாதி என் மேல். சந்தையில் எல்லாரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். யாரும் குவளையைப் பார்ப்பதில்லை. பேசிக்கொண்டே, விலை கேட்டுக்கொண்டே, திட்டிக்கொண்டே கை தன்னால் வீசுகிறது.

"வண்டி நின்னுருச்சாக்கும்" என்றார். கேட்டபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

விஷயத்தை அவர் வாயாலேயே தெரிந்துகொண்டேன். எந்த ஊரிலோ ஒரு சந்தையில் பேட்டரி ஸ்கூட்டர் எரிந்த வீடியோ இங்கே எல்லார் போனிலும் இருந்தது. சாக்கும் நாரும் ஓலையுமாக இருக்கிற இடத்தில் இது வேண்டாம், பேட்டரி வண்டியை உள்ளே விடக் கூடாது என்று வியாபாரிகள் பேசியிருக்கிறார்கள். பஞ்சவர்ணம் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். அந்த மில்லில் நாளை மறுநாள் எல்லார் முன்னாலும் பேட்டரியைக் கெடுத்துக் காட்டப்போகிறார்கள். வியாபாரிகளுக்குத் திருப்தி என்றால் வண்டி சந்தைக்குள் வரலாம். இல்லையென்றால் அவளிடம் வேறு வண்டி இல்லை.

அன்று மத்தியானம் பிரியாணி சாப்பிட்டேன். இந்த ஊருக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போனால் ஊர் மன்னிக்காது என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார்கள். அரிசி சீரகம் அளவுக்குத்தான் இருந்தது. நீள அரிசியை எதிர்பார்த்து வந்த எனக்கு முதலில் ஏமாற்றம். இரண்டாவது வாய்க்கு ஏமாற்றம் போய்விட்டது. மிளகும் கறியும் அரிசிக்குள்ளேயே இறங்கியிருந்தன. வெஞ்சனம் வேணுமா என்று பரிமாறுகிறவர் கேட்டபோது வேண்டாம் என்றேன். தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படவில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். தரை சுத்தம், கொசு நிறைய. இதைவிட மோசமான இடங்களில் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

மறுநாள் காலை மறுபடியும் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். வேறு எங்கே போவது என்று தெரியாததுதான் காரணம். பஞ்சவர்ணம் வண்டியோடு நின்றிருந்தாள். நேற்றே மில்லிலிருந்து ஆள் வந்து ஒயர் சேருகிற இடத்தில் ஈரம் இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்து, துடைத்து, புது மூடி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை, மூடியில் ஈரம் பட்டதற்கே வண்டி தன்னை நிறுத்திக்கொண்டது என்று பெருமையாகச் சொன்னாள். பிள்ளை தும்மியதற்கே டாக்டரிடம் ஓடுகிற தாயைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. நேற்று பூவைக் கொண்டு சேர்த்ததற்குச் சாப்பாடு போடுகிறேன், வாங்க என்று ஏற்றிக்கொண்டாள். சாப்பாடு அந்த மில்லில்தான் என்பதை வடமதுரை ரோட்டில் பாதி தூரம் போன பிறகு சொன்னாள்.

மூடிப்போன நூல் மில். முன்பு நூல் ஓடிய நீளக் கொட்டகையின் ஒரு மூலையைத் தடுத்து அறை ஆக்கியிருந்தார்கள். அதன் கதவுக்கு வெளியே சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு மல்லிகைச் சரம். கோயிலா என்று கேட்டேன். பஞ்சவர்ணம் சிரித்தாள். உள்ளே வேலை செய்கிற பெண்கள் தலைப்பூவைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பூவில் ஈரம் இருக்கிறது. உள்ளே ஈரம் ஆகாது.

அதை விளக்கியவர் மேரி. இந்த இடத்தை நடத்துகிறவர். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, வெடித்த உதடு. நத்தம் பக்கத்து மாந்தோப்புக்காரர் மகள். வெளிநாட்டில் இந்த வேலையைப் படித்துச் செய்துவிட்டு இங்கே வந்து, முன்பு இதே மில்லில் நூல் ஓட்டிய பெண்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருக்கிறார். உள்ளே ஓடுகிற காற்றைக் கருவாடு போலக் காயவைத்து அனுப்புகிறார்கள். தண்ணீர் கொண்டுபோகக் கூடாது. ஒரே சமயத்தில் நிறையப் பேர் போகக் கூடாது, ஏனென்றால் மூச்சிலும் ஈரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வருகிறவர்கள், முடி வேர்வரை காய்கிற மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் பாதி வேலை மரத்தடியில்தான் நடக்கும் என்றார்கள்.

உள்ளேயிருந்து வந்த ஒரு பெண், ஆணியிலிருந்து தன் சரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டே, உதட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டாள். "இதே கொட்டகையில அப்ப நூலு அறக்கூடாதுன்னு நாளெல்லாம் தண்ணியப் பீச்சி எங்களையும் சேத்து நனைச்சாக. இப்ப அப்பளமாக் காயப்போடுறாக" என்று என்னிடம் புகார் செய்தாள். புகார் சொல்கிற முகம் இல்லை.

கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். லித்தியம் என்ற அந்த உலோகம், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள் போல ஒரு சுருளில் இருந்தது. மேரி எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். பேட்டரியை ஓட்டும்போது இந்தத் தகட்டிலிருந்து லித்தியம் கரைந்து போகிறது. சார்ஜ் ஏற்றும்போது திரும்பி வந்து படிகிறது. சமமாகப் படிந்தால் நல்லது. ஆனால் அது ஊசி ஊசியாக முளைக்கப் பார்க்கிறது. நடுவில் இருக்கிற மெல்லிய தாளைக் குத்திக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தொட்டுவிட்டால், உள்ளுக்குள்ளேயே தீ.

உப்புப் பாத்தியில் ஒரு குச்சியை மறந்து விட்டுவிட்டால், அதைச் சுற்றி உப்பு ஊசியாக முளைத்திருக்கும். அதைச் சொன்னேன்.

"அதேதான். ஆனா உங்க உப்பு பத்திக்காது" என்றார்.

ஊசி முளைக்காமல் இருக்கத் தகட்டின் மேல் ஒரு பூச்சு. முளைத்தாலும் துளைக்காமல் இருக்கப் பீங்கான் பொடி பூசிய தாள். உள்ளே ஓடுகிற திரவத்துக்குப் பதில் கூழ். மேலே அழுத்திப் பிடிக்க ஒரு பலகை. இத்தனையும் தாண்டி, பேட்டரிக்குள் அடுக்கியிருக்கிற செல்களில் ஒன்று கெட்டுப்போனால் பக்கத்துச் செல்லுக்குச் சூடு போகாமல் ஒவ்வொன்றுக்கும் தனி அறை. ஒரு மேசை மேல் கெட்டுப்போன செல்களை வெளிப்படையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். உப்பிப்போனதற்குப் பெயர் பூரி. கருகியதற்குப் பெயர் முறுகல். வேறு எங்காவது என்றால் இதையெல்லாம் வந்தவன் கண்ணில் படாமல் ஒளித்திருப்பார்கள். மேரி எனக்கு முதலில் காட்டியதே அந்த மேசையைத்தான்.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டார்கள். வேலை செய்கிறவர்களும் மேரியும் நானும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பஞ்சவர்ணம் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நாளைக்குச் சரியா வந்துருமா மேரி என்று கேட்டாள். மேரி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். இதுவரை ஆணி ஏற்றித் துளைத்துப் பார்த்த எந்தப் பேட்டரியிலும் பக்கத்துச் செல் பற்றவில்லை, நாளைக்கும் பற்றாது என்று நினைக்கிறேன் என்றார். பஞ்சவர்ணத்துக்கு அந்த 'நினைக்கிறேன்' பிடிக்கவில்லை. எனக்கு அதனாலேயே அவர்மேல் மரியாதை வந்தது.

அன்று ராத்திரி மில் வாசலில் காவல்காரரின் பக்கத்தில் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். காவல்காரர் குறட்டை விட்டார். மற்றபடி நல்ல இடம்.

அடுத்த நாள் சந்தை கலைந்ததும் வியாபாரிகள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பூ வாசனையும் அவர்களோடு இறங்கியது. தங்கராசுதான் முன்னால். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல டீ, முறுக்கு எல்லாம் ஆயிற்று. மில்லின் பின்பக்கம் திறந்தவெளியில் மணல் மூட்டைகளை அடுக்கிய ஒரு தொட்டி. அதற்குள் பஞ்சவர்ணம் வண்டியில் இருப்பது போன்ற ஒரு பேட்டரி, மூடி திறந்தபடி. மேலே ஒரு இரும்புக் கம்பியில் கனமான ஆணி. தள்ளிக் கட்டிய செங்கல் சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்தால் ஆணி விழுந்து நடுச் செல்லைத் துளைக்கும். சுவரில் பார்ப்பதற்குக் கண்ணாடி பதித்திருந்தார்கள். பக்கத்துச் செல்களின் சூடு ஒரு திரையில் தெரியும்.

பேட்டரி நன்றாக இருக்கும்போது ஓட்டிக் காட்டுவது பெரிதல்ல, மோசமாக ஆகும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள் என்று மேரி சொன்னார். கயிற்றை இழுத்தார்.

டக் என்று ஒரு சத்தம். சீறல். வெள்ளைப் புகை எழும்பியது. திரையில் எண்கள் ஏறின. பஞ்சவர்ணம் என் பக்கத்தில் நின்று தன் சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். எண்கள் இன்னும் ஏறின. பிறகு மெதுவாயின. பிறகு நின்றன. புகை மெலிந்தது. துளைபட்ட செல் ஒன்று மட்டும் கறுத்துக் கிடந்தது, அதை ஒட்டியிருந்தவை அப்படியே இருந்தன. வியாபாரிகளில் ஒருவர், இம்புட்டுத்தானா என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பஞ்சவர்ணம் திருகுவதை நிறுத்தினாள்.

அந்த நேரத்தில் தங்கராசு சுவரைச் சுற்றிக்கொண்டு போனார். டீ குடித்த கை கழுவ வைத்திருந்த வாளியும் குவளையும் அங்கே இருந்தன. புகையைப் பார்த்தபடியே, பக்கத்தில் வந்தவரிடம் ஏதோ பேசியபடியே, அவர் கை குவளையை முக்கிச் சுழற்றியது. சந்தையில் பார்த்த அதே சுழற்சி. மேரி வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் விசிறியாக விரிந்துவிட்டது.

படார் என்று வெடித்தது. அப்படி ஒரு சிவப்பு நெருப்பை நான் பார்த்ததில்லை. செம்பருத்தி இல்லை, குங்குமம் இல்லை, அதற்கும் மேலான சிவப்பு. ஆள் உயரத்துக்கு எழுந்தது. பஞ்சவர்ணம் ஓடிப்போய்த் தங்கராசுவின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுக்க, இரண்டு பேரும் மணலில் விழுந்தார்கள். வேலை செய்கிற பெண்கள் காய்ந்த மணலைத் தட்டுத் தட்டாகக் கொட்டி அமுக்கினார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் யாருக்கும் கட்டளை போடவில்லை. அவரவர் எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தங்கராசுவுக்கு மீசை ஓரம் கொஞ்சம் கருகியதைத் தவிர ஒன்றுமில்லை.

அவர்தான் முதலில் பேசினார். எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "தண்ணி பட்டா எரியுமா?" என்றார்.

மூடி இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, துளை விழுந்து உள்ளே பட்டால் எரியும் என்று மேரி ஒளிக்காமல் சொன்னார். தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று பெரிதாக போர்டு எழுதி வண்டியில் மாட்டிவிடலாமே என்று ஒரு வியாபாரி சொன்னார். பஞ்சவர்ணம் அதைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு எழுத்தில் எழுதுகிறேன், நாலு பக்கமும் எழுதுகிறேன் என்றாள்.

மேரி மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த போர்டை ஏற்றுக்கொண்டிருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். வியாபாரிகள் அரை மனதாகவாவது சம்மதித்திருப்பார்கள்.

"போர்டைப் படிச்சிட்டா அண்ணன் தண்ணி ஊத்துனாரு?" என்றார் மேரி. "சந்தையில பொகை வந்தா எல்லாரும் ஊத்தத்தான் செய்வாக. ஊத்துனாலும் ஒண்ணும் ஆகாத மாதிரி நாங்கதான் செய்யணும். நாங்க ஆணி ஏத்திப் பாத்தோம், நசுக்கிப் பாத்தோம், அடுப்புல வச்சுப் பாத்தோம். ஒடைச்சுட்டுத் தண்ணி ஊத்திப் பாக்கல. தண்ணின்னாலே எங்களுக்குப் பயம்."

தங்கராசு மீசையைத் தடவினார். அப்படியானால் அது முடிகிறவரை வண்டி சந்தை கேட்டுக்கு வெளியே நிற்கட்டும், மூட்டைகளை என் கடை ஆட்களை விட்டுத் தூக்கிவரச் சொல்கிறேன் என்றார். மற்றவர்கள் சரி என்றார்கள்.

"தண்ணிய ஊத்துனது நீங்க. வெளிய நிக்கிறது என் வண்டியா?" என்றாள் பஞ்சவர்ணம்.

தங்கராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தார். வேனில் ஏறும்போது மட்டும், ஒடைச்சு ஊத்தி அணைஞ்சா நானே கேட்டைத் திறந்து விடுறேன், ஏ பஞ்சு, மூஞ்சியத் தூக்காத என்றார். அவள் மூஞ்சியை இறக்கவில்லை. கேட்டில் நின்று சுமக்கிற நேரத்தில் பாதி மொட்டு வாய் திறந்துவிடும், வெயில் காலம் வந்தால் முழுசும் திறந்துவிடும் என்று என்னிடம் சொன்னாள். வெயில் காலத்துக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

நான் பார்த்த இடங்களில் எல்லாம், தவறு நடந்துவிட்டால் யார் தலையில் போடலாம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். லாட்ஜில் ஒரு போர்வை கிழிந்தால் அன்று முழுக்க அந்தப் பேச்சுதான். இங்கே வேன் கண்ணுக்கு மறைவதற்குள், மேரியும் அந்தப் பெண்களும் மணலைத் தோண்டிக் கருகிய பேட்டரியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சிவப்பு நெருப்பு எழுந்தும் பக்கத்துச் செல்களில் இரண்டு தாங்கியிருந்தன. அவை எப்படித் தாங்கின என்று பேச்சு. தண்ணீர் பட்டதும் ஊறி வீங்கித் துளையை அடைத்துக்கொள்கிற ஒரு பசையைச் செல்லைச் சுற்றி நிரப்பினால் என்ன என்று ஒரு யோசனை. துளை விழுந்ததும் உருகி மூடிக்கொள்கிற மெழுகு என்று இன்னொரு யோசனை. அதற்கு நடுவில் பஞ்சவர்ணம் வந்து, கோடைக்குள்ள முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று மேரி சொல்லவில்லை. நாளைக்கே தொடங்குகிறோம் என்றார். பஞ்சவர்ணம் வண்டியைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஒரு சிக்கல் இருந்தது. உலர்ந்த அறையில் வேலை செய்கிறவர்கள் தண்ணீரில் கை வைத்தால் உடம்பும் துணியும் காய்ந்து மறுபடி உள்ளே போக நேரமாகும். செல் செய்கிற கை வேறு, நனைக்கிற கை வேறாக இருக்க வேண்டும். மேரி என்னைப் பார்த்தார். நாளைக்கு எந்த ஊர் என்று கேட்டார். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு, ஈரத்திலேயே நிற்க வேண்டியிருக்கும் என்றார். ஈரம் எனக்குப் பழக்கம்தான் என்றேன்.

மறுநாள் காலை வேலையில் சேர்ந்தேன். வேலை இதுதான்: அவர்கள் துளைத்து வைக்கிற செல்லின் மேல் தண்ணீர் ஊற்றுவது. தலைக்குக் கவசம், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு, கைக்குத் தோலுறை கொடுத்தார்கள். நீள மூங்கிலின் நுனியில் குவளையைக் கட்டி, செங்கல் சுவருக்குப் பின்னால் நிறுத்தினார்கள். முதலில் மெழுகு போட்ட செல். ஆணி இறங்கியது. மூங்கிலை நீட்டிக் கவிழ்த்தேன். கொஞ்சம் புகைந்து அடங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷம். மேரிக்கு இல்லை.

பின்னாலிருந்து ஒரு குரல், அது சரியில்லை என்றது. தங்கராசு. சந்தை முடிந்த கையோடு பஞ்சவர்ணத்தின் வண்டியிலேயே வந்திருந்தார். மீசையை ஒரு பக்கம் குறைத்துச் சரிசெய்திருந்தார்.

"செடிக்கு ஊத்துற மாதிரி ஊத்துறீக அப்பு. எங்காளுக அப்படியா ஊத்துவாக? வீசணும். கொண்டாங்க" என்று கையை நீட்டினார். மேரி அவரைச் சுவருக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, காட்ட மட்டும் சொன்னார். வெறும் கையைக் காற்றில் சுழற்றிக் காட்டினார். தோளிலிருந்து வர வேண்டும், மணிக்கட்டு கடைசியில்தான் திரும்ப வேண்டும். பஞ்சவர்ணம் வண்டியில் சாய்ந்து நின்று, அவர் சுழற்றுவதையும் நான் சுழற்றுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் வேகமா என்றாள்.

அதே மெழுகு போட்ட இன்னொரு செல்லை வைத்தார்கள். ஆணி இறங்கியது. வீசினேன். சிவப்பு நெருப்பு சுவர் உயரத்துக்கு எழுந்து அடங்கியது. பெண்கள் மணலைக் கொட்டினார்கள். மேரி அந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மெழுகு ஆகாது, பசையைக் கொண்டுவாங்க என்றார்.

கொண்டுவந்து வைத்தார்கள். குவளையை மறுபடி வாளியில் முக்கினேன்.